மாத்திரையை நிறுத்தாதே, கண்ணு!

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், நம் கல்லூரியின் முன்னாள் மாணவியும் மகப்பேறு மருத்துவருமான ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை மாறாமல் எழுத்தாக்கித் தரப்படுகிறது.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "பெண்கள் நலம் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க மேடம்" என்றார். சரி என்றேன். தலைப்பைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "குடும்பத்தோட வர்ற கூட்டம், போதையையும் கர்ப்பத்தையும் சேர்த்துப் பேசணுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். பேசத்தான் வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர். மறுக்கவில்லை.

1977-ல் ராசிபுரம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து இங்கே புகுமுக வகுப்பு படித்தவள் நான். அன்றைக்குச் சேலத்தில் மருத்துவக் கல்லூரி கிடையாது, 1986-ல்தான் வந்தது. அதனால் வெளியூர் போய்ப் படித்தேன். என் அப்பா லாரி டிரைவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தைப் பேசத் தொடங்கினாலே நம் ஊரில் எல்லோரும் லாரிக்காரர்கள் பக்கம் கையை நீட்டுவார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட வடக்கே போகின்றன. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர், நீமச், ராஜஸ்தானில் சித்தோர்கர் போன்ற இடங்களில் அரசாங்க லைசென்சோடு அபின் செடி பயிராகிறது. அந்தக் காயின் தோலை ஊறவைத்துக் குடிக்கும் பழக்கம் அந்தப் பக்கத்து நெடுஞ்சாலைகளில் உண்டு. தூக்கம் வராமல் இருக்க, உடம்பு வலி தெரியாமல் இருக்க, நம் ஆட்களில் சிலரும் பழகியிருக்கிறார்கள். அது ஒரு கதை. ஆனால் நான் பார்த்த பெண்களுக்குப் பழக்கம் வந்தது வடக்கேயிருந்து அல்ல. தெருமுனை மருந்துக்கடையிலிருந்து வந்தது.

என்னுடைய தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1994 என்று ஞாபகம். ஓர் ஊரில் வேலையாக இருந்தேன். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். மாதவிலக்கு வயிற்றுவலிக்கு என்று யாரோ எழுதிக் கொடுத்த காப்ஸ்யூல். டெக்ஸ்ட்ரோப்ரொப்பாக்சிபீன் கலந்தது. அந்த மருந்து அபின் வம்சத்தைச் சேர்ந்ததுதான், 2013-ல் நம் நாட்டில் தடை செய்தார்கள். அன்றைக்கு மிட்டாய் மாதிரிக் கிடைத்தது. வலி போய் வருஷக்கணக்காகியும் அவளால் விட முடியவில்லை. தினம் ஏழு எட்டு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் செய்தேன். திட்டினேன். "வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு இதைப் போடறியே, நீயெல்லாம் ஒரு தாயா? இன்னியோட நிறுத்து" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். திரும்ப வரவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்துக் கிராம நர்ஸ் சொன்னார்: வீட்டிலேயே குறைமாதத்தில் பிரசவம், பிள்ளை உயிரோடு இல்லை.

மருந்தை நிறுத்தியதால் போனதா, வேறு காரணமா, என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவள் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாததற்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும்.

இனி இரண்டாவது பெண். சில வருஷங்களுக்கு முன், நான் ரிடையராகி ஊரில் சின்னதாகக் கிளினிக் வைத்த பிறகு நடந்தது. பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறியில் வேலை. வீட்டுக்காரர் ரிக் வண்டியில். நாள் முழுக்க நின்றால் இடுப்பு என்ன ஆகும்? வீட்டுக்காரர் தன் முதுகுவலிக்கு வைத்திருந்த மாத்திரையை ஒருநாள் எடுத்துப் போட்டிருக்கிறாள். டேபென்டடால். நம் மாநிலத்தில் இந்த மாத்திரை கள்ளத்தனமாக விற்றுப் பிடிபடும் செய்தியை நீங்கள் பேப்பரில் அடிக்கடி பார்க்கிறீர்கள். வலி பறந்துபோனது. "மனசும் லேசா இருந்துச்சுங்க" என்றாள். ஒன்றரை வருஷத்தில் தினம் பத்து.

நாலு மாதம் என்று தெரிந்ததும் தானாகவே நிறுத்தியிருக்கிறாள். அடுத்த நாளே கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சம், பேதி, கை கால் குடைச்சல், அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி. மாமியார் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் மறுபடி வாங்கிப் போட்டிருக்கிறாள். அரை மணியில் எல்லாம் அடங்கிவிட்டது. அதுதான் அவளை உடைத்துப்போட்டது. "எம் பிள்ளையை நானே கொல்றேனுங்களா?" என்று ஒரே அழுகை. மாமியார் வெளியே பெஞ்சில் இருந்தார். அழுகைக்கு நடுவே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இதைச் சொன்னா போலீசுக்குச் சொல்லிப்போடுவீங்களா டாக்டரம்மா?"

இந்தக் கேள்விக்குப் பதில் உங்களில் வக்கீலாக இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் உட்கொள்வதும் குற்றம்தான். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொள்பவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தில் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளும் சேர்ந்திருக்கின்றன. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "சொல்ல மாட்டேன் கண்ணு. உன் மாமியாகிட்டக்கூட, நீ சொல்லச் சொன்னாத்தான் சொல்லுவேன்" என்றேன். அடுத்து நான் சொன்னதைக் கேட்டு அவளே திகைத்துப் போனாள். "மாத்திரையை நிறுத்தாதே. நாளைக்கு உன்னை ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிப்போறேன். அதுவரைக்கும் திடீர்னு விட்டுடாதே."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இன்றைய பேச்சின் உயிர். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அபின், ஹெராயின், மார்பின், ட்ரமடால், டேபென்டடால் எல்லாம் மூளையில் ஒரே வகைப் பூட்டில் நுழையும் சாவிகள். நாளாக ஆக உடம்பு அந்தச் சாவி இருப்பதையே வழக்கமாக எடுத்துக்கொள்கிறது. திடீரென்று உருவினால் நரம்பெல்லாம் கூச்சல் போடும். கர்ப்பிணியிடம் இந்தக் கூச்சல் அவளோடு நிற்பதில்லை. மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்க்கொண்டிருந்தது. அதுவும் உள்ளேயே தவிக்கும். கர்ப்பப்பை இறுகும், குறைப்பிரசவம் வரலாம் என்ற பயம் உண்டு. ஆஸ்பத்திரியில் வைத்து மெல்ல மெல்லக் குறைத்தால் பழைய புத்தகங்கள் சொன்ன அளவுக்கு ஆபத்து இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் தெரிகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்படி நிறுத்தியவர்களில் பலர் திரும்ப அதற்கே போகிறார்கள். இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே போடுவார்கள், மூச்சு நின்றுவிடும். தாயும் போய், பிள்ளையும் போகும்.

அப்படியானால் என்ன வழி? அதே வம்சத்தைச் சேர்ந்த, ஆனால் நிதானமான ஒரு மருந்தை டாக்டரே கொடுப்பது. இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று மெத்தடோன், வாயில் ஊற்றும் திரவம். இன்னொன்று புப்ரெனார்பின், நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுவது. உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், அபின் வகைக்கு அடிமையான கர்ப்பிணியைப் பழக்கத்தை நிறுத்தும்படி சொல்வதைவிட இந்தச் சிகிச்சையில் சேரச் சொல்லுங்கள், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் தொடரச் சொல்லுங்கள் என்றுதான் இருக்கிறது.

உடனே ஒரு கேள்வி வரும். என் வீட்டுக்காரரே கேட்டார்: "ஒரு போதையை எடுத்துட்டு இன்னொரு போதையைக் குடுக்கறது வைத்தியமா?" அவர் விவசாயி. அவருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். நம்ம கிணத்து மோட்டாருக்கு கரண்ட் வேணும். ஆனா வோல்டேஜ் ஒரு நிமிஷம் எகிறி, அடுத்த நிமிஷம் படுத்துட்டா என்ன ஆகும்? காயில் எரிஞ்சுபோகும். கடை மாத்திரை அப்படித்தான். போட்டதும் ஏறும், நாலைந்து மணியில் இறங்கும். ஒரு நாளில் குழந்தை எத்தனை முறை ஏறி இறங்கும், எண்ணிப் பாருங்கள். புப்ரெனார்பினும் மெத்தடோனும் ஒரே மட்டத்தில் நிற்கும். கிறக்கம் இல்லை, தவிப்பும் இல்லை. அவள் தறிக்குப் போவாள், சோறாக்குவாள், மாதாமாதம் செக்கப்புக்கு வருவாள். இரத்தசோகை இருக்கிறதா, மஞ்சள்காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். மருந்துக்காக அலைவது நின்றாலே பாதி வைத்தியம்.

இரண்டில் எது நல்லது? அமெரிக்கா, கனடா, ஆஸ்திரியா மூன்று நாடுகளில் 175 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. 2010-ல் முடிவு வெளிவந்தது. புப்ரெனார்பின் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குத் தவிப்பை அடக்க மார்பின் மிகக் குறைவாகவே தேவைப்பட்டது. மற்றவர்களுக்குச் சராசரி 10.4 மில்லிகிராம் என்றால், இவர்களுக்கு 1.1. ஆஸ்பத்திரியில் இருந்த நாளும் 17.5-க்குப் பதில் 10. ஆனால் அந்தப் பெண்களில் பாதியில் விட்டுப் போனவர்களும் அதிகம். அதனால் ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எதில் அவள் நிலைத்து நிற்பாளோ அதுதான் அவளுக்கு மருந்து.

நம் நாட்டில் இது புதுசு இல்லை. ஊசி மூலம் எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்க தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 வாக்கிலேயே புப்ரெனார்பின் சிகிச்சையைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 2012-ல் மெத்தடோனும் வந்தது. பஞ்சாபில் 2017 முதல் வெளிநோயாளிப் பிரிவுகளிலேயே கொடுக்கிறார்கள். ஆனால் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் அந்த வரிசையில் போய் நிற்பாளா? 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி அபின் வகைகளைப் பயன்படுத்துவோர் நாட்டில் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய 77 லட்சம். இதில் பெண்கள் ஆண்களைவிடக் குறைவுதான். குறைவு என்பதாலேயே அவர்களுக்கென்று ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

சரி, நம் பெண்ணிடம் வருவோம். மறுநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் எனக்குத் தெரிந்த ஓர் இளம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கடைசி மாத்திரை போட்டுப் பாதி நாள் கழிந்து, கொட்டாவியும் நடுக்கமும் தொடங்கிய பிறகுதான் முதல் புப்ரெனார்பினைக் கொடுத்தார். முன்னாலேயே கொடுத்தால் அது பழைய மருந்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு, தவிப்பைத் தானே கிளப்பிவிடும். மாலைக்குள் அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, மாமியாரிடம் சொல்லுங்கள் என்று அவளே சொன்னாள். நான் பயந்துகொண்டேதான் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "எங்க அப்பாரு அபின் உருண்டை போடுவாருங்க. அந்த வகையறாவா இது?" என்றார். அதே வம்சம்தான் அம்மா என்றேன். "அவரைக் கடைசி வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. இவ பொம்பளையாப் போயிட்டா" என்றார். அதற்குப் பிறகு தினமும் மருந்து நேரத்துக்கு அவர்தான் கூட வந்தார். ஐம்பது வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

வீட்டுக்காரரையும் சிகிச்சைக்குச் சேர்த்தோம். இரண்டு மாதம் வந்தார். அப்புறம் வண்டியேறிப் போய்விட்டார்.

கடைசி மூன்று மாதங்களில் கர்ப்பிணியின் உடம்பில் இரத்த அளவு கூடிவிடும். மருந்தும் நீர்த்துப்போகும். "பிரசவம் நெருங்குது, டோஸைக் குறைங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்லும் அதே நேரத்தில் டாக்டர் கூட்டவோ, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கவோ வேண்டியிருக்கும். அவளுக்கும் அப்படித்தான் ஆனது.

இங்கே டாக்டர், நர்ஸ் தம்பி தங்கைகள் இருந்தால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரசவ வலிக்கு நம் லேபர் வார்டுகளில் கை தானாகப் போகும் ஊசி பென்டாசோசின். இந்தப் பெண்களுக்கு அதைப் போடவே கூடாது. நிமிஷத்தில் தவிப்பைக் கிளப்பிவிடும். தினமும் எடுக்கும் மருந்தே வலிக்குப் போதும் என்றும் நினைக்காதீர்கள். அது அவளைச் சமநிலையில் வைக்கிறது, அவ்வளவே. மற்றப் பெண்களைவிட அவளுக்கு வலி மருந்து கூடுதலாகவே தேவைப்படலாம். இது பிரசவத்துக்கு முன்னாலேயே கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ அறுநூறு. முதல் இரண்டு நாள் சமர்த்தாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கீச்சென்று ஓர் அழுகை. கை கால் நடுக்கம், தும்மல், பால் குடிக்கத் திணறல், தண்ணீராக வெளிக்கு. இப்படி வரும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தோம். சொல்லாவிட்டால் அந்தத் தாய் அன்றைக்கே கிணற்றைத் தேடியிருப்பாள். இதைப் பார்த்துவிட்டு "போதைக்கு அடிமையான குழந்தை" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். குழந்தைக்கு எந்த அடிமைத்தனமும் இல்லை. பழகிய மருந்து நின்றதால் சில நாள் தவிக்கிறது. குணமாகக்கூடியது, எதிர்பார்த்ததுதான். அதனால்தான் இப்படிப் பிறந்த குழந்தைகளை நாலைந்து நாளாவது, தேவைப்பட்டால் ஒரு வாரம் வரையாவது, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

அமெரிக்காவில் 1975 வாக்கில் லொரெட்டா ஃபின்னகன் என்ற குழந்தை மருத்துவர் இந்தத் தவிப்புக்கு மார்க் போடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். நடுக்கத்துக்கு இத்தனை, அழுகைக்கு இத்தனை, கூட்டி ஓர் அளவைத் தாண்டினால் மார்பின் சொட்டு. வருஷக்கணக்காக அதுதான் வழக்கம். பிறகு யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் சிலர் கேள்வியை மாற்றினார்கள். குழந்தை சாப்பிடுகிறதா? தூங்குகிறதா? அழுதால் சமாதானம் ஆகிறதா? ஆகிறது என்றால் மருந்து எதற்கு? மங்கிய வெளிச்சம், சத்தமில்லாத அறை, துணியில் நன்றாகச் சுற்றிய குழந்தை, தாயின் மடி, தாய்ப்பால். இதுதான் முதல் வைத்தியம் என்றார்கள். 26 ஆஸ்பத்திரிகளில் 1,305 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2023-ல் முடிவு வந்தது. வீட்டுக்குப் போகத் தயாராக முன்பு சராசரி 14.9 நாள் ஆனது, இந்த முறையில் 8.2 நாள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இருட்டு அறை, பழைய நூல் சேலை, ஆத்தாளின் மடி. நம் அமுச்சிகளுக்குத் தெரியாததா? ஆனால் ஒன்று, அமுச்சிகளுக்கு எடை பார்க்கத் தெரியாது. குழந்தை இளைக்கிறதா, வலிப்பு வருகிறதா என்று கவனித்து, தேவைப்பட்டால் தயங்காமல் மார்பின் சொட்டுக் கொடுக்க ஆஸ்பத்திரி வேண்டும். நம் குழந்தைக்குத் தேவைப்படவில்லை. மாமியாரும் தாயும் மாற்றி மாற்றி மடியில் வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனது. மருந்து எடுத்துக்கொண்டே பால் கொடுத்தாள். கொடுக்கலாம். பாலில் போவது மிகச் சொற்பம். வேறு காரணம் இல்லாவிட்டால் தடுக்கக் கூடாது.

பயமுறுத்தினால் வழிக்கு வருவார்கள் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வெளிநாட்டுக் கதையும் ஓர் உள்ளூர்க் கதையும். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் 1989-ல் ஓர் அரசு மருத்துவமனையும் போலீசும் சேர்ந்து, கர்ப்பிணிகளின் சிறுநீரில் கோக்கெயின் இருக்கிறதா என்று அவர்களுடைய சம்மதம் இல்லாமல் பார்த்துக் கைது செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001-ல் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் போலீசுக்காக இப்படிச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது.

உள்ளூர்க் கதை நாம் வாழ்ந்த கதை. நாமக்கல் என்றாலே எச்.ஐ.வி. என்று வெளியூர்க்காரர்கள் பேசிய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெண் கொடுக்கக்கூட யோசித்தார்கள். 2002 முதல் நாடு முழுக்கக் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும், தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகாமல் தடுக்கும் மருந்தும் திட்டமாக வந்தன. இன்றைக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கர்ப்பிணிக்கு அந்தப் பரிசோதனை சாதாரணம். யாரும் கூசுவதில்லை. "உங்களுக்கு மட்டும் இல்லம்மா, எல்லாருக்கும் பார்க்கறோம்" என்று நர்ஸ் சொன்ன ஒரு வார்த்தைதான் கதவைத் திறந்தது. அதே மாதிரி, "தினமும் வலிக்கு, தூக்கத்துக்கு ஏதாவது மாத்திரை போடறீங்களா?" என்று எல்லாக் கர்ப்பிணியிடமும், மாமியார் இல்லாத நேரத்தில், சாதாரணக் குரலில் கேட்டால் என்ன? நான் இப்போது கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்பார்கள். எப்போதாவது ஒருத்தி கண்ணைத் தாழ்த்துவாள்.

நம் பழைய மாணவர்களில் மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் குறைந்தது நாலு பேரை இங்கே பார்க்கிறேன். சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். ட்ரமடால் 2018-லேயே போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. கொடுக்க மாட்டேன் என்று விரட்டுவதோடும் விடாதீர்கள். மாணவர்கள் நண்பனுக்காகக் கேட்பதுபோலக் கேட்கலாம், 14446 என்ற இலவச எண் இருக்கிறது. புப்ரெனார்பின் கடையில் வாங்கும் மருந்து இல்லை. அதற்கென்று அனுமதி பெற்ற மையங்களில்தான் கிடைக்கும். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். சேலத்தில் இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அந்தக் குழந்தை இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறது. தாய் இன்னும் புப்ரெனார்பின் எடுக்கிறாள், முன்னைவிடக் குறைந்த அளவில். பிரசவம் முடிந்த கையோடு நிறுத்தச் சொல்லிச் சொந்தத்தில் ஒருவர் வந்து சண்டை போட்டார். பிரசவத்துக்குப் பிறகான முதல் வருஷம்தான் பழைய பழக்கம் திரும்பி வரும் வருஷம், அப்போது நிறுத்தக் கூடாது என்றேன். "அப்ப எப்பத்தான் நிறுத்துவா?" என்றார். "நீங்க பிரஷர் மாத்திரையை எப்ப நிறுத்தப்போறீங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பந்தி தயாராம். கேட்க வேண்டியது இருந்தால் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்காருங்கள். தனியாகக் கேட்க வேண்டும் என்றால், மூணு மணி வரை வேப்பமரத்தடியில் இருப்பேன்.